உழுநிலத்தின் அடியில் தேட எந்தக் கருவி? காந்தமானி, மின்தடை அளவி, ரேடார்: ஓர் ஒப்பீடு

12 ஹெக்டேர் விளைநிலம். மேலே பானை ஓடுகளும் செங்கல் துண்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. அறுவடை முடிந்தாயிற்று, அடுத்த விதைப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது. தொல்லியல் அகழாய்வுக்காக மண்வெட்டியை எடுப்பதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எந்தக் கருவியை வரவழைப்பது?

பலரும் உடனே சொல்வது, தரைக்குள் ரேடியோ அலை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் ரேடார். நகரத் தெருக்களிலும் கோயில் வளாகங்களிலும் அது சாதித்ததைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. விளைநிலத்துக்கு அது பெரும்பாலும் முதல் தேர்வு அல்ல. முழுப் பரப்பையும் முதலில் காந்தமானியால் அளந்துவிட்டு, அது காட்டும் இடங்களில் மட்டும் மின்தடை அளவியையோ ரேடாரையோ இறக்குவதே பெரும்பாலான நிலங்களில் சரியான வரிசை. இந்த வரிசை தலைகீழாக வேண்டிய நிலங்களும் உண்டு. அவற்றை முன்கூட்டியே அடையாளம் காணாவிட்டால் மூன்று வாரமும் வீணாகும்.

விளைநிலத்தில் தப்பியிருப்பது எது

ஏர் போகும் ஆழம் வழக்கமாக 20 முதல் 30 செ.மீ. அந்த ஆழத்துக்குள் இருந்த தரைத்தளம், சுவரின் மேல்வரிசை, அடுப்பின் விளிம்பு எல்லாம் பல தலைமுறை உழவில் கலங்கிப் போயிருக்கும். கையில் கிடைக்கும் ஓடுகள் அந்தக் கலக்கத்தில் மேலே வந்தவை. அதற்குக் கீழே, அடிமண்ணுக்குள் வெட்டி இறக்கப்பட்டவை மட்டுமே உருக்குலையாமல் இருக்கும்: எல்லை அகழி, குப்பைக் குழி, தானியக் குழி, தூண்குழி, சூளையின் அடிப்பகுதி, சுவரின் அடித்தளம்.

ஆக, தேடும் பொருளில் பெரும்பகுதி கல் அல்ல, மண்தான். மண்ணுக்குள் வெட்டிய பள்ளத்தை வேறு மண் நிரப்பியிருக்கிறது. அந்த இரண்டு மண்ணையும் எந்தப் பண்பு பிரித்துக் காட்டுகிறதோ, அந்தப் பண்பை அளக்கும் கருவிதான் உதவும். காந்தத்தன்மையில் வேறுபாடு இருந்தால் காந்தமானி. ஈரத்தில் இருந்தால் மின்தடை அளவி. மின்காப்புப் பண்பு (மின்புலத்துக்கு மண் காட்டும் எதிர்வினை) சட்டென்று மாறும் கூர்மையான எல்லை இருந்தால் ரேடார். நிரப்பிய மண்ணும் சுற்றியுள்ள மண்ணும் எல்லாப் பண்பிலும் ஒன்றாகவே இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் ஒன்றும் காட்டாது.

முதலில் கணக்கு: ஒரு நாளில் எவ்வளவு

ஒரு ஹெக்டேரில் 1 மீட்டருக்கு ஒரு நடைக்கோடு என்றால் 10 கி.மீ. நடக்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒன்று என்றால் 20 கி.மீ.

1 மீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகள் பொருத்திய கையடக்கக் காந்தமானியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நடையில் இரண்டு கோடு முடிவதால் ஹெக்டேருக்கு 5 கி.மீ. போதும். கட்டம் போடுவது, கருவியைச் சமன்செய்வது, ஓய்வு எல்லாம் சேர்த்து ஒரு குழு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஹெக்டேர் முடிக்கும். 12 ஹெக்டேருக்கு ஆறு முதல் எட்டு நாள். பல உணரிகளையும் செயற்கைக்கோள் இடங்காட்டியையும் வண்டியில் பொருத்தித் தள்ளினாலோ, சிறு வாகனத்தால் இழுத்தாலோ இதே பரப்பு ஓரிரு நாளில் முடியும்.

மின்தடை அளவையில் 1 மீட்டருக்கு ஒன்று என்றாலும் ஹெக்டேருக்கு 10,000 அளவுகள். ஒவ்வொன்றுக்கும் முனைகளைத் தூக்கி மண்ணில் குத்தி எடுக்க வேண்டும். நாளைக்கு அரை முதல் முக்கால் ஹெக்டேர் நடந்தால் நல்ல வேகம். 12 ஹெக்டேருக்கு மூன்று வாரம் தாண்டிவிடக்கூடும்.

ஒற்றை ஆன்டெனா ரேடாரை அரை மீட்டர் இடைவெளியில் இழுத்தாலும் வேகம் கிட்டத்தட்ட அதுவே. சுவர்களைத் தெளிவாகப் பார்க்க கால் மீட்டர் இடைவெளி தேவை. அப்போது பாதிப் பரப்புதான் முடியும். பல ஆன்டெனாக்களை வரிசையாகக் கோத்த வாகனத் தொகுதி இதை மாற்றிவிடும். அதற்குத் தட்டையான நிலமும் பெரிய செலவும் வேண்டும்.

மற்ற எதையும் பார்க்காமல் இந்தக் கணக்கை மட்டும் பார்த்தாலே முழுப் பரப்புக்கு எது பொருந்தும் என்பது புரியும்.

காந்தமானி

மனிதர் குடியிருந்த இடத்து மேல்மண் காந்தத்தன்மை கூடியது. 1955-இல் பிரெஞ்சு ஆய்வாளர் லெ போர்ன் இதை விளக்கினார்: மேல்மண்ணின் காந்த ஏற்புத்திறன், அதாவது வெளிக்காந்தப் புலத்தில் காந்தமாகும் தன்மை, அடிமண்ணைவிட அதிகம். நெருப்பும் மண்ணில் நடக்கும் நுண்ணுயிர்ச் செயல்பாடும் காந்தத்தன்மை குறைந்த இரும்பு ஆக்சைடுகளை மேக்னடைட், மேகிமைட் போன்றவையாக மாற்றுகின்றன. அகழியோ குழியோ இந்த மேல்மண்ணால் நிரம்பும்போது சுற்றியுள்ள அடிமண்ணுக்கு நடுவே அது மெல்லிய காந்தமாகத் தெரியும். சூளையும் அடுப்பும் இன்னொரு வகை: மேக்னடைட் தன் பழைய காந்தத்தை இழக்கும் கியூரி வெப்பநிலையான சுமார் 580 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடான களிமண் ஆறும்போது அன்றைய புவிக்காந்தப் புலத்தை நிலையாகப் பதித்துக்கொள்கிறது. 1958-இல் இங்கிலாந்தின் வாட்டர் நியூட்டனில் மார்ட்டின் எய்ட்கென் குழு புரோட்டான் காந்தமானியால் ரோமானியச் சூளைகளைத் தேடிக் கண்டுபிடித்ததிலிருந்துதான் இந்த முறை தொல்லியலில் வேரூன்றியது.

எண்ணிக்கையில் பார்த்தால், புவிக்காந்தப் புலம் சுமார் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) வரை. ஒரு குழியின் குறி அதில் 1 முதல் 10 நானோடெஸ்லா. சிறு தூண்குழி 1-க்கும் கீழே. சூளை பல பத்துகள், சிலவேளை நூற்றுக்கணக்கில். இவ்வளவு நுண்ணிய மாற்றத்தைப் பிடிக்கவே ஒன்றின்மேல் ஒன்றாக அரை அல்லது ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகளை வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பதிவு செய்கிறார்கள். நாள் முழுதும் ஏறி இறங்கும் புவிக்காந்த மாற்றம் அதில் கழிந்துவிடும்.

ஆழம்தான் இதன் எல்லை. சிறு பொருளின் காந்தப் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரட்டித்தால் குறி எட்டில் ஒரு பங்கு. சாதாரணக் குழி, அகழிகளுக்கு 1 மீட்டர் ஆழம் நம்பகமான எல்லை. ஆகவே உணரியின் கீழ்முனையைத் தரைக்கு மேல் 20–30 செ.மீ. உயரத்தில் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். அரிதாள் முழங்கால் உயரம் நின்றால் உணரியை உயர்த்த வேண்டிவரும், உயர்த்திய அளவுக்கு மெல்லிய குறிகள் போய்விடும்.

நடைமுறையில் எது கெடுக்கும்? முதலில், நடப்பவரே. இரும்புக் கொக்கி வைத்த காலணி, பெல்ட், சாவிக்கொத்து, கைப்பேசி, உள்ளாடைக் கம்பி எதுவும் உடலில் இருக்கக் கூடாது. கட்டத்தின் மூலைகளில் நடும் முளைகள் மரமோ பிளாஸ்டிக்கோ ஆக இருக்க வேண்டும். கருவியை ஓட விட்டு 20 நிமிடமாவது காத்திருந்து, காந்த அமைதியான ஓரிடத்தில் சமன்செய்து, வெயில் ஏற ஏற மீண்டும் சமன்செய்ய வேண்டும். கம்பி வேலியிலிருந்து சில மீட்டர் விலகியே அளவு பயன்படும். புதைத்த எஃகுக் குழாய் என்றால் இருபக்கமும் 10, 20 மீட்டர் வரை எதுவும் தெரியாது.

அடுத்தது நடைமுறைப் பிழை. ஒரு கோட்டில் போய் அடுத்த கோட்டில் எதிர்த்திசையில் திரும்பி நடக்கும்போது நடை வேகம் கருவியின் தாளத்தோடு ஒத்துப்போகாவிட்டால், ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் அரை மீட்டர் முன்பின்னாக விலகி நிற்கும். நேரான அகழி படத்தில் ரம்பப் பல்லாகத் தெரிந்தால் காரணம் இதுதான். ஈரமாக உழுது விட்ட நிலத்தில் இது தவிர்க்கவே முடியாது; கட்டியில் கால் இடறும் இடத்தில் யாராலும் சீராக நடக்க முடியாது.

கோடுகளுக்கு இடையிலான உணரி வேறுபாட்டைச் சரிசெய்ய மென்பொருள் ஒவ்வொரு கோட்டின் சராசரியையும் சுழியாக்கும். அகழி ஒன்று நடைக்கோட்டுக்கு இணையாக ஓடினால் அதன் குறியும் அந்தச் சராசரியோடு சேர்ந்து அழிந்துவிடும். உழவு வரிசைக்கும், எதிர்பார்க்கும் சுவர் அல்லது எல்லை திசைக்கும் சாய்வாக நடைக்கோடுகளை அமைக்கச் சொல்வது இதனால்தான். ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியை எழுதி வாங்குவது, விலை உயர்ந்த கருவி கேட்பதைவிடப் பயன் தரும்.

காந்த நடுக்கோட்டுக்கு அருகே வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். புவிக்காந்தப் புலம் அங்கே ஏறக்குறையக் கிடைமட்டமாக, வடக்கு நோக்கி இருக்கும். வடக்கு தெற்காக ஓடும் நீண்ட அகழியில் தூண்டப்படும் காந்தம் அதன் நீளவாக்கிலேயே கிடப்பதால் குறி இரு முனைகளில் மட்டுமே தெரியும், நடுப்பகுதி காணாமல் போகும். கிழக்கு மேற்காக ஓடும் அகழி நன்றாகத் தெரியும். நான்கு பக்க அகழி ஒன்று படத்தில் இரண்டு இணைகோடுகளாக மட்டும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கமும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. உயர் அட்சரேகையில் வெளியான மாதிரிப் படங்களை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தவறுவார்கள்.

நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: நகராட்சிக் கழிவு உரம் எப்போதாவது கொட்டினீர்களா? அதில் கலந்திருக்கும் தகர, கம்பித் துணுக்குகள் மண்ணில் பரவிவிட்டால் அந்த வயலில் காந்தமானி ஆயுளுக்கும் பயனற்றது. உடைந்த ஏர்முனை, லாடம், ஆணி ஆகியவை தனித்தனிக் கூரிய கறுப்பு வெள்ளை ஜோடிப் புள்ளிகளாக வரும்; அவை எல்லா வயலிலும் உண்டு, அவற்றை வடிகட்டிப் பழகலாம். சுட்ட மண்ணால் ஆன வடிகுழாய்கள் மீன்முள் வடிவில் தெரியும். பழைய மின்னல் தாக்கிய இடம் நட்சத்திரம் போல விரிந்த வலுவான குறியாக வரும். சூளை என்று எண்ணி அதைத் தோண்ட வேண்டாம்.

மின்தடை அளவி

இது தொல்லியலுக்குள் முதலில் வந்த கருவி. 1946-இல் இங்கிலாந்தின் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸில் ரிச்சர்ட் அட்கின்சன் இதனால் புதைந்த அகழிகளைத் தேடினார். மண்ணுக்குள் சிறு மின்னோட்டம் செலுத்தி எதிர்ப்பை ஓமில் அளக்கிறது. ஈரம் தேங்கும் அகழி குறைவாகவும், கல்சுவர் அதிகமாகவும் காட்டும்.

இரட்டை முனை அமைப்பே இன்று வழக்கம். கையில் நகர்த்தும் சட்டத்தில் அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகள். தொலைவில் நிலையாக நடும் மற்ற இரண்டு. நகரும் முனைகளின் இடைவெளியைப்போல் குறைந்தது 30 மடங்கு, அதாவது 15 மீட்டர், விலகித் தொலைமுனைகள் நிற்க வேண்டும். அரை மீட்டர் இடைவெளி சுமார் அரை முதல் முக்கால் மீட்டர் ஆழத்தைப் பார்க்கிறது. உழவு ஆழத்துக்குச் சற்றுக் கீழே இருப்பவற்றுக்கு இது கச்சிதம்.

கம்பி நீளம் போதாமல் தொலைமுனைகளை மாற்றி நடும்போதுதான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. மாற்றுவதற்கு முன் ஒரு புள்ளியில் அளவு எடுத்துக் குறித்துவைத்து, மாற்றி நட்டபின் அதே புள்ளியில் அதே அளவு வரும்வரை தொலைமுனைகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் படத்தில் கட்டங்கள் ஓடு பதித்த தரை போலத் தனித்தனி நிறத்தில் நிற்கும். நடுவில் மழை பெய்தாலும் இதே கதிதான். மென்பொருளில் விளிம்புகளை ஒட்டிச் சமாளிக்கலாம். ஆனால் நிலத்தில் உண்மையாகவே இருக்கும் மெதுவான ஏற்ற இறக்கமும் சேர்ந்து சிதைந்துவிடும்.

பருவம் இந்த முறையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வறண்டு கெட்டியான மண்ணில் முனை இறங்காது, தொடர்பு எதிர்ப்பு எகிறி அளவு துள்ளும். ஊறிக் கிடக்கும் மண்ணில் அகழிக்கும் சுற்றுமண்ணுக்கும் வித்தியாசமே இருக்காது. மழைக்குப் பின் மேல்மண் காய்ந்து அடிமண்ணில் ஈரம் நிற்கும் வாரங்களே நல்ல காலம். ஒரே அகழி ஒரு பருவத்தில் குறைவாகவும் இன்னொரு பருவத்தில் அதிகமாகவும் காட்டுவது உண்டு. கல் நிறைந்து மூடிய அகழியும் சுவராகவே தெரியும். மின்தடைப் படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு இது சுவர், அது அகழி என்று உறுதியாக எழுதும் அறிக்கையைச் சந்தேகத்தோடு படியுங்கள். காந்தப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே அந்த உறுதி வரும்.

அறிக்கையில் பார்க்க வேண்டிய இன்னொரு பொறி: அடிப்பாறையால் வரும் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்க மென்பொருளில் பயன்படுத்தும் வடிகட்டி, வலுவான சுவரின் இருபுறமும் போலியான பள்ளக் கோடு ஒன்றை உண்டாக்கும். வடிகட்டாத படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ரேடார்

சுவர், தரைத்தளம், கல்பாவிய பாதை, வெற்றிடம் இருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் ரேடாருக்கு ஈடு இல்லை. இந்த மூன்று கருவிகளில் ஆழத்தோடு சேர்த்துத் தருவது இது ஒன்றுதான். இத்தாலியின் ஃபலேரி நோவி இதற்கு நல்ல சான்று. மேலே வயலாகக் கிடக்கும் அந்த ரோமானிய நகரத்தின் தெருவமைப்பை 1990களின் இறுதியில் காந்தமானி காட்டியது. 2020-இல் வெளியான ரேடார் ஆய்வு மதிலுக்குள் இருந்த 30.5 ஹெக்டேரையும் முடித்து, கோயில், சந்தைக் கட்டடம், குளியல் வளாகம் எனக் கட்டடம் கட்டடமாகப் பிரித்துக் காட்டியது. கட்டடங்கள் நிறைந்த நகரம் என்று முன்பே தெரிந்திருந்ததால் அவ்வளவு நுணுக்கமான ரேடார் உழைப்பு நியாயமானது. ஓடு சிதறிய சாதாரண வயலுக்கு அந்த உறுதி கிடையாது.

400 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஆன்டெனா விளைநிலத்துக்கு நடுவாந்தரமானது. அலை மண்ணில் நானோவினாடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் போனால் அலைநீளம் 25 செ.மீ.; செங்குத்தாக ஆறேழு செ.மீ. வேறுபாட்டைப் பிரிக்கும். உலர்ந்த மணலில் ஒன்றரை, இரண்டு மீட்டர் வரை பார்க்கும். களிமண்ணில் அரை மீட்டரிலேயே அலை உறிஞ்சப்பட்டுவிடும். உவர் நிலத்தில் அதுவும் இல்லை. இங்கே அதிர்வெண்ணைக் குறைத்துத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆழம் சிறிது கூடும், ஆனால் ஒரு முழம் அகலச் சுவர் மங்கிப் போகும்.

உழவுச்சாலும் அரிதாளும் ரேடாருக்கு நேர் பகை. ஆன்டெனா தரையோடு ஒட்டியே இழுபட வேண்டும். துள்ளும் ஒவ்வொரு முறையும் காற்று இடைவெளி புகுந்து கோடு கோடாக இரைச்சல் வரும். உருளை ஓட்டிச் சமன்செய்த நிலம், மேய்ச்சல் புல்வெளி இரண்டும் நல்லவை. புதிதாக உழுத நிலத்தில் இறக்கவே வேண்டாம்.

ஆழத்தை எப்போதும் கேள்வி கேளுங்கள். ரேடார் அளப்பது நேரம். ஆழம் கணக்குப் போட்டு வருவது. போய்த் திரும்ப 20 நானோவினாடி ஆன எதிரொலி, 0.1 வேகம் என்றால் 1 மீட்டர் ஆழம், 0.08 என்றால் 80 செ.மீ. அந்த வயலில் கல் போன்ற சிறு பொருள்கள் ரேடார் படத்தில் தந்த வளைகோடுகளைப் பொருத்தி வேகம் கணக்கிட்டார்களா, புத்தக எண்ணைப் போட்டார்களா என்று அறிக்கை சொல்ல வேண்டும். பின்னணி நீக்கம் என்ற செயலாக்கமும் கவனத்துக்குரியது. கோடு முழுதும் ஒரே மட்டத்தில் வரும் இரைச்சலை அது அழிக்கிறது. கூடவே ஒரே மட்டத்தில் விரிந்து கிடக்கும் தரைத்தளத்தையும் அழித்துவிடும்.

மற்ற மூன்று

மின்காந்தக் கருவி மண்ணைத் தொடாமலே கடத்துதிறனையும் காந்த ஏற்புத்திறனையும் ஒரே நடையில் தரும். ஒன்றுக்கு மேற்பட்ட சுருள் இடைவெளி இருந்தால் இரண்டு மூன்று ஆழங்களும் கிடைக்கும். முனை குத்த முடியாத வறண்ட நிலத்தில் மின்தடை அளவிக்கு நல்ல மாற்று இது. தூர்ந்த ஆற்றுத்தடம், சதுப்பின் ஆழம், மண் வகை மாறும் எல்லை ஆகியவற்றை அழகாகக் காட்டும். சிறு குழிகளை அவ்வளவு கூர்மையாகப் பிரிக்காது, வெப்பநிலை மாற மாற அளவு மெல்ல நகரும். ஒரே கோட்டை அடிக்கடி திரும்ப நடந்து சரிபார்க்க வேண்டும்.

காந்த ஏற்புத்திறனைத் தரையில் வைத்து அளக்கும் வளையம் மேல் 10 செ.மீ. மட்டுமே பார்க்கும். 10 மீட்டருக்கு ஒன்று என ஹெக்டேருக்கு 100 அளவு எடுத்தால் குடியிருப்பு எந்தப் பக்கம் என்று தோராயமாகத் தெரியும். அதைவிட முக்கியமாக, காந்தமானிக்குச் செலவழிப்பதற்கு முன் மேல்மண்ணிலும் அடிமண்ணிலும் ஒரு பிடி எடுத்து அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்றால் அந்த வயலில் அகழி காந்தமானிக்குத் தெரியாது. அரை நாள் வேலை பத்து நாள் செலவைக் காப்பாற்றும்.

குறுக்குவெட்டு மின்தடை முறை ஆழத்துக்கானது. 1 மீட்டர் இடைவெளியில் 48 முனைகள் நட்டால் 47 மீட்டர் கோடு; நான்கு முனைகளைச் சம இடைவெளியில் எடுத்து அளக்கும் வென்னர் அமைப்பில் சுமார் 8 மீட்டர் ஆழம் வரை வெட்டுமுகம் கிடைக்கும். ஆற்றுச் சமவெளியில் வண்டலுக்கு அடியில் பழைய தரை எங்கே என்று அறியவும், பெரிய மதில் அகழியின் வடிவத்தைப் பார்க்கவும் உதவும். பரப்பைத் தேடும் கருவி அல்ல.

எந்த மண்ணில் எது

சுண்ணாம்புப் பாறைக்கு மேல் மெல்லிய மண் இருக்கும் நிலத்தில் காந்தமானியும் மின்தடை அளவியும் இரண்டுமே பிரமாதமாக வேலை செய்யும். சரளைப் படுகையிலும் காந்தமானியே முதலில். கனமான களிமண்ணில் ரேடாரை விட்டுவிடுங்கள். காந்தமானி மங்கலாகவேனும் காட்டும். உலர் மணலில் நிலைமை மாறும்: காந்த வேறுபாடு சிறியது, முனைத் தொடர்பு மோசம், ரேடார்தான் முதல் கருவி.

பசால்ட், டொலரைட் போன்ற தீப்பாறை மண்ணுக்கு நெருங்கி இருந்தால் பாறையே நூற்றுக்கணக்கான நானோடெஸ்லா கொடுத்து எல்லாவற்றையும் மூடிவிடும். அங்கே மின்தடை அளவியோ ரேடாரோ முதலில் வர வேண்டும். இரும்புச்சத்து மிகுந்த செம்புரைச் சரளையும் இதே தொல்லை தரும். நீண்டகாலம் நீர் தேக்கிப் பயிரிட்ட வயலில் எதிர்த் தொல்லை: காற்றில்லா ஈரத்தில் இரும்பு ஆக்சைடுகள் கரைந்து, ஒருகாலத்தில் இருந்த காந்த வேறுபாடே அழிந்திருக்கும்.

மிகவும் ஏமாற்றுவது மலைச்சரிவின் அடிவாரமும் ஆற்றோரமும். வழிந்து வந்த மண்ணோ வெள்ள வண்டலோ ஒன்றரை மீட்டர் மூடியிருந்தால் காந்தமானிப் படம் வெறும் சாம்பல் நிறமாக அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கண்டு இங்கே ஒன்றுமில்லை என்று எழுதப்பட்டு, பின்னர் பொக்லைன் வாளியில் சுவர் வெளிப்படுவதுதான் இந்தத் துறையின் மிக வருந்தத்தக்க தவறு. இத்தகைய நிலத்தில் முதல் வேலை கைத்துளைப்பானால் 20, 30 மீட்டருக்கு ஒரு துளை போட்டு மூடுமண்ணின் தடிமனை அறிவது. 1 மீட்டருக்கு மேல் போகிறது என்றால் மேலோட்டமான கருவிகளுக்கான பணத்தைக் குறுக்குவெட்டு மின்தடைக்கும் துளைகளுக்கும் திருப்புங்கள்.

மூன்று வாரத்துக்குள்

தொடக்கத்தில் சொன்ன 12 ஹெக்டேருக்கு வருவோம். மண் நடுத்தரமானது, பாறை காந்தத்தன்மை இல்லாதது, மூடுமண் மெல்லியது என்று துளையும் மண் மாதிரியும் காட்டிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் முழுப் பரப்பும் காந்தமானி. அரை மீட்டர் நடைக்கோடு முடிந்தால் அதுவே எடுங்கள். தூண்குழிகள் 1 மீட்டர் கோட்டில் சல்லடையில் போல நழுவிவிடும். நேரம் போதாது என்றால் பரப்பைக் குறைக்காமல் இடைவெளியை 1 மீட்டராக வையுங்கள். முழுப் படம் கையில் இருந்தால்தான் அகழி எங்கே திரும்புகிறது, பாதை எதை நோக்கிப் போகிறது என்பதெல்லாம் புரியும். துண்டு துண்டாக எடுத்த மாதிரிக் கட்டங்களில் கோடுகள் தொடங்கும், முடியும், பொருள் தராது.

படம் அன்றன்றே பார்க்கப்பட வேண்டும். ஐந்தாறு நாளில் கட்டடத் தொகுதி போன்ற ஒன்று தெரிந்தால் அந்த ஒன்றிரண்டு ஹெக்டேரில் இரண்டாம் வாரம் மின்தடை அளவியோ ரேடாரோ. நிலம் சமன்செய்யப்பட்டு மண்ணில் களி குறைவு என்றால் ரேடார், இல்லாவிட்டால் மின்தடை. எல்லை அகழியும் குழிகளும் மட்டுமே தெரிந்தால் இரண்டாம் கருவியே தேவையில்லை, அந்தப் பணம் சோதனை அகழ்வுக்குப் போகட்டும்.

காந்தமானி காட்டியதைக் கைத்துளைப்பானால் தொட்டுப் பாருங்கள். 7 செ.மீ. துளையில் கரித்துண்டு கலந்த கருமண் 60, 70 செ.மீ. வரை வந்தால் அது குழி. சிவந்து சுட்ட மண் வந்தால் அடுப்போ சூளையோ. உடனே நிறுத்திவிடுங்கள், மேலும் துளைத்துச் சேதப்படுத்த வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட நிலம் என்றால் இதற்கும் அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட இடங்களில் கருவி அளவைக்கே 1979-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி உரிமம் பெற வேண்டும். மற்ற நாடுகளில் தொடங்குவதற்கு முன் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சோதனைக் குழிகளை எல்லாம் குறி தெரிந்த இடங்களில் மட்டும் போடாதீர்கள். சிறு தூண்குழி, எலும்பு மட்டும் உள்ள புதைகுழி, சில மாதங்கள் மட்டும் தங்கிச்சென்றவர்களின் தடம் ஆகியவை எந்தக் கருவியிலும் எளிதில் சிக்காது. குழிகளில் ஒரு பகுதியை வெறுமையாகத் தெரிந்த இடங்களுக்கு ஒதுக்குங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அது இந்த வயலின் மண்ணில் கருவி எவ்வளவு நம்பகம் என்ற அளவுகோலைத் தரும்.

அறிக்கையோடு செயலாக்காத மூலத் தரவையும் கட்ட மூலைகளின் இடக்குறிகளையும் கேட்டு வாங்குங்கள். படக் கோப்பு மட்டும் போதாது. அடுத்த பத்தாண்டில் யாராவது ரேடாரை அதே வயலில் இறக்கும்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க அந்த எண்கள்தான் வேண்டும்.